பழைய காரின் பெட்ரோல் டேங்கில் துரு: டர்பன் பக்கத்து வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், இசிபிங்கோ என்று நம்மவர்கள் வாழும் இடங்களிலெல்லாம் கராஜ் மூலையில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய கார் ஒன்று நிற்கிறது. கார்ட்டினாவாக இருக்கலாம், டட்சனாக இருக்கலாம், பீட்டிலாகவும் இருக்கலாம். அதை மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பல காலம் நின்ற காரில் முதல் தொல்லை பெரும்பாலும் பெட்ரோல் டேங்கில்தான் இருக்கும். அதைப் பற்றி இளைஞர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. துருவை எடுப்பது இதில் பாதி வேலைதான். தண்ணீரை வெளியேற்றுவதும், அது திரும்ப வராமல் தடுப்பதும் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

டேங்கில் துரு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

வண்டி ஓடும் விதமே சொல்லிவிடும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் அழுத்தி ஓட்டினால் இன்ஜின் திணறும், அப்புறம் நின்றுவிடும். ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் பெட்ரோலை இழுக்கும்போது துருத்தூளும் டேங்குக்குள் இருக்கும் வடிகட்டி வலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. இழுப்பு நின்றதும் அது உதிர்ந்து கீழே படிகிறது. பலர் இதைக் கேட்டதும் காயிலை மாற்றுவார்கள், பம்பை மாற்றுவார்கள். அதற்கு முன்னால் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தடியில் அதே தூள் இருந்தால் துரு ஃபில்டரையும் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது டேங்கோடு கார்புரேட்டரையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். டேங்கின் உள்ளே பார்க்க மொபைலோடு இணைக்கிற சின்னக் குழாய்க் கேமரா உதவும். ஆனால் பெட்ரோல் ஆவி இருக்கும் டேங்குக்குள் மின்சாரம் உள்ள எதையும் விடாதீர்கள். கழுவி முடித்த பிறகுதான் கேமரா.

பெட்ரோலில் இரும்பு துருப்பிடிக்காதே. அப்புறம் எப்படி?

பெட்ரோலால் வருவதில்லை, தண்ணீரால் வருகிறது. பாதி காலியான டேங்கின் மேல்பாதியில் காற்று இருக்கிறது. பகலில் சூடாகி அந்தக் காற்று விரியும், வெளியே போகும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். டர்பன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த ஈரம் டேங்கின் சுவரில் துளியாகி வழிந்து இறங்குகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அதனால் அடியில் போய்த் தேங்கி அங்கேயே கிடக்கும். ஒரு கரண்டித் தண்ணீர் பத்து வருடம் கிடந்தால் போதும். ஆகவே டேங்கில் இரண்டு விதத் துரு இருக்கும்: மேல்சுவரில் பரவலாக, மெல்லியதாக ஒன்று, அடித்தளத்தின் தாழ்ந்த பகுதியில் ஆழமாக, குழி குழியாக இன்னொன்று. ஓட்டை விழுவது இரண்டாவதால்தான்.

மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைத்தண்ணீர் நேராகவே உள்ளே இறங்கும். வெட்டவெளியில் நின்ற வண்டி என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யலாமா? ஆபத்து இல்லையா?

செய்யலாம். ஆனால் இந்தப் பதிலை முழுக்கப் படிக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி சுமார் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். பெட்ரோலை வடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் டேங்கில் துல்லியமாக அந்த அளவு ஆவி இருக்கக்கூடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போகும். கராஜின் மறுமூலையில் இருக்கும் கீசரோ ஃப்ரிட்ஜோ அதைப் பற்றவைக்க முடியும்.

அதனால் வேலை முழுவதும் வெளியே, திறந்த வெளியில் நடக்கட்டும். பக்கத்தில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பு கூடாது, சிகரெட் கூடாது, குழந்தைகள் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது 2006 ஜனவரியோடுதான் நின்றது. அதற்கு முந்தைய டேங்கின் அடிக்கசடில் ஈயம் இருக்கும். காய்ந்த தூளைச் சுரண்டி மூச்சில் இழுக்காதீர்கள்.

வெல்டிங், கிரைண்டர், டார்ச் எதுவும் அந்த டேங்கின் அருகே வரக்கூடாது. எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி. மடிப்புகளுக்குள்ளும் துருவுக்கு அடியிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடானதும் ஆவியாக வெளியே வரும்.

டேங்கைக் கழற்றத்தான் வேண்டுமா? காரிலேயே வைத்துச் செய்ய முடியாதா?

கழற்றத்தான் வேண்டும். காரிலேயே வைத்து எதையாவது ஊற்றினால் அது பைப், பம்ப், கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும். பீட்டிலில் டேங்க் முன் பானட்டுக்குக் கீழே கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, பழைய மினியில் டிக்கிக்குள் இடப்பக்கம் நிற்கிறது. இரண்டும் சுலபம். அடியில் பட்டையால் தொங்கும் டேங்குகளுக்கு இன்னொரு ஆள் தேவை. மிச்சப் பெட்ரோலை முழுக்க வடித்த பிறகே பட்டையைத் தளர்த்துங்கள்.

பெட்ரோல் அளவுமானியின் மிதவைப் பகுதி ஒரு பூட்டு வளையத்தால் பிடிக்கப்பட்டிருக்கும். அதை இரும்பு உளியால் தட்டாதீர்கள். பித்தளைத் துண்டையோ கட்டையையோ வைத்து மெதுவாகத் தட்டித் திருப்புங்கள், பொறி வராது. மிதவையை அமிலத்தில் போடக்கூடாது, தனியே எடுத்து வையுங்கள். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அது ஓட்டை, டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே காட்டும்.

நேராக அமிலம் ஊற்றிவிடலாமா?

கூடாது. பழைய பெட்ரோல் காய்ந்தால் வார்னிஷ் போன்ற பிசினாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வினிகரோ சிட்ரிக் அமிலமோ அதை ஊடுருவாது. பிசினுக்கு அடியில் இருக்கும் துரு பத்திரமாக அப்படியே இருக்கும். “மூன்று நாள் ஊறவைத்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்கிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஆகவே முதலில் டேங்கைத் திறந்தபடி வெளியே நிழலில் ஓரிரு நாள் காற்றாட வையுங்கள். அப்புறம் வெந்நீரும் சன்லைட் பாத்திரத் திரவமும் கலந்து விளிம்புவரை நிரப்பி வடியுங்கள். விளிம்புவரை என்பது முக்கியம். தண்ணீர் நிறைந்த இடத்தில் ஆவிக்கு இடமில்லை. பெட்ரோல் வாசனை போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசித் தடவை சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஒரு இரவு விட்டால் பிசினில் பெரும்பகுதி இளகிவிடும்.

சங்கிலி போட்டுக் குலுக்குகிறார்களே, அது சரியா?

சரி, ஆனால் கழுவி முடித்த பிறகு மட்டும். இரும்பும் இரும்பும் உரசும் வேலை அது, ஆவியுள்ள டேங்கில் செய்தால் உயிருக்கே உலை வைக்கும். ஒரு மீட்டர் சங்கிலியும் சோப்புத் தண்ணீரும் உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் புரட்டிக் குலுக்கினால் பொருக்கு பொருக்காக இருக்கும் துரு கழன்றுவிடும். அமிலத்துக்கு வேலை குறையும். சிலர் நட்டுகளையும் ஜல்லியையும் போடுகிறார்கள். டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும், அவற்றின் பின்னால் ஒரு நட்டு சிக்கினால் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மீன் பிடிப்பதுபோல் அலைய வேண்டியதுதான். சங்கிலி ஒரே துண்டாக இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். தகடு ஏற்கெனவே மெலிந்திருந்தால் குலுக்கலை விட்டுவிடுங்கள்.

எந்த அமிலம் நல்லது? ஹார்ட்வேர் கடையில் பூல் ஆசிட் மலிவாகக் கிடைக்கிறதே?

நீச்சல் குளத்துக்கு ஊற்றும் பூல் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை நிமிடங்களில் தின்றுவிடும். அதோடு நிற்காது, நல்ல இரும்பையும் தின்னும். அதன் குளோரைடு மடிப்புகளில் தங்கிப் பின்னால் துருவைத் திரும்ப வரவழைக்கும். பழைய டேங்குகள் பலவற்றின் உட்புறம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு உண்டு. மிச்சம் இருக்கிற அந்தப் பூச்சுதான் டேங்கின் கவசம், அதையும் இது பறித்துவிடும். வேகத்துக்கு ஆசைப்பட்டு இதைத் தொடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் முதல் தேர்வு சிட்ரிக் அமிலம். பேக்கிங் சாமான் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம். பீட்டிலின் 40 லிட்டர் டேங்குக்கு 2 முதல் 4 கிலோ ஆகும். விளிம்புவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் தண்ணீரும் காற்றும் சேரும் கோட்டில் புதுத் துரு வரும். சூடு இருந்தால் வேகம் கூடும், அதனால் வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்தி வைக்கலாம். வாயை இறுக மூட வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், தேவையென்றால் ஒரு நாள் முழுக்க விடுங்கள். துரு போய்ச் சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்து ஒரு வாரம் விட்டால் நல்ல இரும்பு கரையத் தொடங்கும்.

வெள்ளை வினிகரும் வேலை செய்யும். ஏறக்குறைய 5 சதவீத அசிட்டிக் அமிலம் அது, ஒன்றிரண்டு நாள் எடுக்கும். ஆனால் 40 லிட்டர் வினிகர் வாங்கும் காசில் சிட்ரிக் அமிலம் வாங்கி மீதியும் இருக்கும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி மெல்லிய காப்புப் படலம் விட்டுப்போகும், கடைசி அலசலுக்கு நல்லது. ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு, வீட்டில் வேண்டாம்.

மொலாசஸில் ஊறவைத்தால் துரு போகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நம் முன்னோர்கள் 1860 முதல் இந்த நேட்டால் மண்ணுக்கு வந்ததே கரும்புக்காக. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு நம்மவர்களுக்குப் புதிதல்ல. மாட்டுத்தீவனக் கடையில் கேனில் வாங்கலாம். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அதிலுள்ள பொருள்கள் துருவிலிருந்து இரும்பைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்கின்றன, நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் ஒரு நாள் அதிகமாகிவிட்டதே என்று பதற வேண்டாம்.

பொறுமைதான் விலை. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம்வரை ஆகும், குளிர்காலத்தில் இன்னும் கூடும். புளித்து நுரைக்கும், நாறும், ஈ மொய்க்கும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. அலுமினியமோ துத்தநாகப் பூச்சோ உள்ள பாகத்தை இதில் போடாதீர்கள், அவற்றை அரிக்கும். அவசரமில்லாதவர்களுக்கும், தகடு மெலிந்த டேங்க் வைத்திருப்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

பேட்டரி சார்ஜர் வைத்து மின்சார முறையில் எடுப்பது?

சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, டேங்கைச் சார்ஜரின் நெகட்டிவ்வோடும், உள்ளே தொங்கும் ஒரு இரும்புக் கம்பியைப் பாசிட்டிவ்வோடும் இணைக்கும் முறை. நன்றாக வேலை செய்யும், நல்ல இரும்பு குறையாது. ஆனால் கம்பிக்கு நேரே தெரியும் இடத்தில்தான் முழு வேலை நடக்கும். தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் துரு அப்படியே இருக்கும். அதனால் கம்பியை இடம் மாற்றி மாற்றித் தொங்கவிட வேண்டும். கம்பி டேங்கைத் தொடவே கூடாது.

ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே வெளியில் மட்டும். இணைப்பைக் கழற்றும் முன் சுவரில் சுவிட்சை அணையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டாம், நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். சாதாரண உப்பைப் போட வேண்டாம், குளோரின் வாயு வரும். லோட்ஷெட்டிங் என்னும் மின்வெட்டில் கரண்ட் போனால் கவலையில்லை. அந்தக் கரைசல் காரத்தன்மை உள்ளது, வேலை நின்றாலும் இரும்பு அதில் துருப்பிடிக்காது.

எல்லாம் செய்து கழுவினேன். மறுநாள் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அமிலம் பட்ட இரும்பு எந்தக் காப்பும் இல்லாத வெறும் இரும்பு. டர்பனின் ஈரக்காற்றில் அரை மணி நேரத்தில் புதுத் துரு பூத்துவிடும். ஆகவே கழுவத் தொடங்கும் முன்பே உலர்த்தும் ஏற்பாடு எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பாதியில் சாப்பிடப் போகிற வேலையல்ல இது.

அமிலத்தை வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசுங்கள், மிச்ச அமிலம் அடங்கும். மெதுவாக ஊற்றுங்கள், பொங்கும். உடனே சூடான தண்ணீரால் இரண்டு அலசல். சூடான தண்ணீர் என்றால் தகடும் சூடாகி வேகமாகக் காயும். அப்புறம் அரை லிட்டர் அல்லது ஒரு லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை உள்ளே விட்டு எல்லா மூலைக்கும் போகும்படி புரட்டி வடியுங்கள். மடிப்புகளில் ஒளிந்த தண்ணீரை அது தன்னோடு கலந்து வெளியே கொண்டுவரும். ஸ்பிரிட்டும் தீப்பற்றும், ஆகவே அதன் ஆவி முழுக்கப் போகும்வரை ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ பக்கத்தில் வரக்கூடாது. வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தில் நீளக் குழாய் மாட்டி, மெஷினைத் தொலைவில் வைத்துக் காற்று மட்டும் செலுத்தலாம்.

காய்ந்ததும் இரண்டு வழி. அன்றே காரில் மாட்டிப் பெட்ரோலால் நிரப்பிவிடுவது முதல் வழி, சிறந்ததும் அதுதான். வண்டி இன்னும் தயாராகவில்லை என்றால் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஒரு லிட்டர் உள்ளே விட்டு எல்லாச் சுவரிலும் படும்படி புரட்டி, வாய்களை மூடி வையுங்கள். மாட்டும் நாளில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி எடுத்துவிடலாம்.

முடிந்தால் ஜூன், ஜூலையில் செய்யுங்கள். அந்த மாதங்களில் இங்கே மழை குறைவு, காற்றும் வறண்டிருக்கும். உள்நாட்டு மலையிலிருந்து சூடான பெர்க் காற்று இறங்கும் நாள் கிடைத்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. ஜனவரியில் செய்தால் வேலை இரண்டு மடங்கு.

உள்ளே சீலர் பூசிவிட்டால் நிரந்தரமாகத் தீர்ந்துவிடும் அல்லவா?

தேவையில்லாமல் பூசாதீர்கள். சீலர் என்பது ஓட்டையை அடைக்க உட்சுவரில் பூசும் எப்பாக்ஸிப் பிசின். ஈரமோ எண்ணெயோ துளி இருந்தாலும் அது சரியாக ஒட்டாது. சில வருடத்தில் தோல் உரிவதுபோல் உரிந்து பெட்ரோல் வழியை அடைக்கும். துருவையாவது அமிலத்தால் எடுக்கலாம், உரிந்த சீலரை எடுக்கக் கடுமையான கரைப்பான்கள் வேண்டும். ஊசித்துளைகள் இருந்து, வேறு டேங்க் கிடைக்காத வண்டிக்கு மட்டும் சீலர் சரி. அப்படிப் பூசினால் சப்ளை குழாய், ஆவிக் குழாய் இரண்டிலும் காற்றை ஊதி அடைப்பு எடுத்துவிட்டு, டப்பாவில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிடுங்கள்.

ஓட்டை இருந்தால்?

ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் டேங்கில் வேலை செய்து பழகியவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது என்றால் எந்தப் பழுதும் நிற்காது, வேறு டேங்க் தேடுங்கள். கசியும் டேங்கோடு, வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனைக்குப் போனாலும் தேறாது.

மாட்டும்போது வேறு என்ன மாற்ற வேண்டும்?

ரப்பர் ஹோஸ்கள் எல்லாம், மூடியின் வளையம், மிதவையின் சீல், ஃபில்டர். உலோகப் பைப்பைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள், டேங்கிலிருந்த துரு அதிலும் இருக்கும். பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற கண்ணாடி நிற ஃபில்டர் ஒன்று மாட்டினால் ஒவ்வொரு வாரமும் பானட்டைத் திறந்து பார்த்தாலே நிலைமை புரியும். முதல் ஃபில்டர் சீக்கிரம் நிறம் மாறும், பயப்பட வேண்டாம், மாற்றிவிடுங்கள். இரண்டாவதும் அதே வேகத்தில் பழுப்பானால் டேங்கில் எங்கோ துரு மிச்சமிருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அங்கே காற்று வறண்டது, உப்பு இல்லை, உலர்த்துவது சுலபம். ஆனால் கோடையில் மாலை இடிமழை உண்டு. மூடி வளையத்தைப் பார்ப்பது அங்கேயும் அவசியம்.

திரும்ப வராமல் இருக்க?

வண்டியை நிறுத்திவைக்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் கெடும் என்பதும் உண்மை. அதனால் கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ அந்தக் காரையே எடுத்துப் போங்கள். ஓடி, செலவாகி, புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தால் டேங்க் நன்றாக இருக்கும்.

பழைய பெட்ரோலையும் கழுவிய தண்ணீரையும் எங்கே ஊற்றுவது?

எங்கேயும் ஊற்றக்கூடாது. தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டால் அது சுத்திகரிப்புக்குப் போவதில்லை, ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். தோட்டத்தில் ஊற்றினால் ஈயம் மண்ணில் தங்கும். பெட்ரோலையும், பெட்ரோல் கலந்த முதல் சில அலசல்களையும், அமிலக் கரைசலையும் தனித்தனிக் கேன்களில் மூடி, மேலே என்னவென்று எழுதி வையுங்கள். அமிலக் கேனில் முதலில் சமையல் சோடா போட்டுப் பொங்குவது அடங்கிய பிறகு மூடுங்கள். கழிவு எண்ணெய் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பிலோ நகராட்சியின் குப்பைத் தளத்திலோ ஆபத்தான கழிவை எடுத்துக்கொள்வார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். மொலாசஸ் கரைசலுக்கும் இதே விதிதான்.